77 பேரில் ஒருத்தி

ஆஸ்திரேலியாவில் 16 வயது நிறையாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறதல்லவா, அது வேண்டும் வேண்டும் என்று மைக் பிடித்துப் பேசியவர்களில் நானும் ஒருத்தி. என் மகளுக்கு 14 வயது. அவளுடைய கணக்கு இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அதற்குக் காரணம் அவளல்ல, நான். இதை எழுதுவதால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சட்டத்தில் பிள்ளைக்கும் தண்டனை இல்லை, பெற்றோருக்கும் இல்லை. நிறுவனங்களுக்கு மட்டும்தான் அபராதம், அதிகபட்சம் 4.95 கோடி டாலர். ஆகவே இந்த ஒப்புதலில் துணிச்சல் எதுவும் இல்லை.

2021 ஜூன் கடைசியில் சிட்னியை மூடினார்கள். 107 நாள். நாங்கள் இருக்கும் மேற்குப் பகுதியில் கெடுபிடி மற்ற இடங்களைவிட அதிகம். போலீஸோடு ராணுவத்தினரும் வீதியில் நடந்தார்கள். எனக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை, வீட்டிலிருந்து செய்ய முடியாது. என் கணவர் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு மடிக்கணினிக்கு முன்னால் இருப்பார். பத்து வயதுப் பெண், கூடப் பிறந்தவர்களும் இல்லை, பேச ஆளில்லாமல் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு செயலியில் ஆடிப் பாடி வீடியோ போடுகிறார்கள், எனக்கும் வேண்டும் என்றாள். செய்து கொடுத்தேன்.

செயலி பிறந்த தேதி கேட்டது. உண்மையான தேதியைத்தான் முதலில் போட்டேன். மன்னிக்கவும், முடியாது என்று மிக மரியாதையாகச் சொன்னது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்து, வருடத்தைக் காட்டும் சக்கரத்தை விரலால் இழுத்தேன். 13 வயது காட்டினால் போதும், 2008 என்று வைத்திருக்கலாம். இழுத்த வேகத்தில் அது 2003-இல் போய் நின்றது. வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அழுத்திவிட்டேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

“அம்மா, இது பொய் இல்லையா?”

“எல்லாரும் இப்படித்தான்மா போடுவாங்க.”

நான் சொன்ன அந்த ‘எல்லாரும்’ பெரிய மிகையல்ல என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். செயலிகள் கேட்கும் இந்த 13 வயதைக் குழந்தை மருத்துவரோ மனநல நிபுணரோ குறித்துக் கொடுக்கவில்லை. 1998-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் போட்டார்கள். 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளின் விவரங்களைச் சேகரிக்க வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும் என்றது அது. சம்மதம் வாங்குவது தலைவலி என்று நினைத்த நிறுவனங்கள், அந்த வயதுக்காரர்களே எங்களுக்கு வேண்டாம் என்று ஒரு வரி எழுதிப்போட்டுவிட்டு, வருபவர்கள் சொல்லும் தேதியை நம்புவதுபோல் இருந்துவிட்டன. டேனா பாய்டும் அவருடைய கூட்டாளிகளும் 2011-இல் அமெரிக்கப் பெற்றோர் ஆயிரம் பேரிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 12 வயதுப் பிள்ளை உள்ளவர்களில் 55 விழுக்காட்டினர், தங்கள் பிள்ளைக்கு ஃபேஸ்புக் கணக்கு இருக்கிறது என்றார்கள். அவர்களில் 76 விழுக்காட்டினர், கணக்குத் தொடங்கக் கூட இருந்து உதவியது நாங்கள்தான் என்றார்கள். படித்தபோது எனக்கு வந்தது ஆறுதல். வெட்கம் வந்திருக்க வேண்டிய இடம் அது.

2003 என்று போட்டதன் பலன் மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. 2024 செப்டம்பரில் அந்தச் செயலியை நடத்தும் பெரிய நிறுவனம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் கணக்குகளைத் தானாகவே பூட்டிய கணக்குகளாக மாற்றத் தொடங்கியது. தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது, ராத்திரியில் அறிவிப்பு மணி அடிக்காது, இப்படிச் சில தடுப்புகள். என் மகளுக்கு அவற்றில் ஒன்றுகூட வரவில்லை. எப்படி வரும்? செயலியின் கணக்குப்படி அவளுக்கு 21 வயது. வரன் பார்க்க ஆரம்பிக்கலாம்.

அந்த வசந்த காலத்தில் அவள் கைப்பேசியில் ஓர் ஆளின் செய்திகளைப் பார்த்தேன். என்ன எழுதியிருந்தான் என்பதை இங்கே எழுத மாட்டேன். அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை, அவளே அவனைத் தடுத்துவிட்டிருந்தாள், என்னைவிட விவரமாக நடந்துகொண்டிருந்தாள். ஆனால் அவன் எழுதிய ஒரு வரி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. ‘இருபத்தொன்று என்றுதானே போட்டிருக்கிறாய்?’ என்ற பொருளில் கேட்டிருந்தான். அவன் நல்லவனா கெட்டவனா என்பது வேறு விஷயம். அவனிடம் அந்த எண்ணைச் சொன்னது யார்?

இரவெல்லாம் தூங்கவில்லை. விடிவதற்குள் எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது: குற்றம் அந்த நிறுவனத்தின் மேல். எவ்வளவு கோபப்படுகிறேனோ அந்த அளவுக்கு நான் நல்ல தாய் என்று தோன்றியது.

கோபத்துக்கு அப்போது நாடே தோதாக இருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் முதல்வர் பீட்டர் மலினாஸ்கஸின் மனைவி, பிள்ளைகளின் பதற்றத்தைப் பற்றி ஜொனாதன் ஹைட் எழுதிய புத்தகத்தைப் படுக்கையில் வைத்துப் படித்து முடித்துவிட்டு, நீங்கள் ஏதாவது செய்தாக வேண்டும் என்று கணவரிடம் சொன்னாராம். அவர் ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி ராபர்ட் ஃபிரெஞ்சிடம் சட்ட வரைவு எழுதச் சொன்னார். அதில் 14 என்றிருந்த வயது, கான்பெரா போய்ச் சேரும்போது 16 ஆனது. செய்தித்தாள்கள் இயக்கம் நடத்தின, வானொலிக்காரர்கள் கையெழுத்து வாங்கினார்கள். நானும் போட்டேன். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், பிள்ளைகள் உள்ளே ஆத்திசூடி சொல்லிக்கொண்டிருக்கும்போது, வெளியே தேநீர் கூஜாவைச் சுற்றி நிற்கும் அம்மா அப்பாக்களிடமும் போட வைத்தேன்.

2024 நவம்பர் 21-இல் மசோதா அறிமுகமானது. கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் செனட் குழுவுக்கு மறுநாளுக்குள் எழுத வேண்டும் என்றார்கள். ஒரே நாளில் ஏறக்குறைய 15,000 கடிதங்கள் குவிந்தன. விசாரணை மூன்று மணி நேரம். 27-ஆம் தேதி கீழவையில் 102-க்கு 13, 28-ஆம் தேதி செனட்டில் 34-க்கு 19 என்று நிறைவேறிவிட்டது. ஒரு வாரம் என்பது அவசரம் இல்லையா என்று கேட்டவர்களை அன்றைக்கு நான் எதிரிகளாகப் பார்த்தேன்.

அந்தக் கடிதங்களில் ஒன்று என்னுடையது. மசோதாவை நான் படிக்கவில்லை. ‘என் 13 வயது மகளைப் பெரியவர்களின் கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோய் விட்டிருக்கிறது ஒரு நிறுவனம். தனியொரு தாய் இதை எப்படித் தடுப்பாள்?’ என்று எழுதியிருந்தேன். நல்ல வாக்கியம் என்று நினைத்துத்தான் எழுதினேன். அவளைக் கொண்டுபோய் விட்டது யார் என்பது அதில் இல்லை. சக்கரம் இல்லை, 2003 இல்லை, வேலைக்குக் கிளம்ப நேரமானது இல்லை. பொய் என்று சொல்லும்படி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. பொய் சொல்லாமலே பொய் சொல்ல எனக்கு நன்றாக வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் அனுப்பினேன்.

அந்த நவம்பரில் எடுத்த யூகவ் கருத்துக்கணிப்பில் 77 விழுக்காட்டு ஆஸ்திரேலியர்கள் தடையை ஆதரித்தார்கள். அந்த எண்ணைத் தமிழ்ப் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நான் சொன்னபோது கைதட்டினார்கள். நூற்றுக்கு எழுபத்தேழு பேர் தவறாக இருக்க முடியுமா என்று கேட்டேன். இப்போது அந்த எண்ணை நினைத்தால், அதற்குள் என்னைப் போல எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது. கேள்வி கேட்கிறவர், பிள்ளைகளைத் தடுக்க வேண்டுமா என்று கேட்கிறார். நம் மனக்கண்ணில் அடுத்த வீட்டுப் பிள்ளை வந்து நிற்கிறது. வேண்டும் என்கிறோம். நம் பிள்ளை அழுதால் நீங்கள் மறுப்பீர்களா, உங்கள் முகத்தையும் அடையாள அட்டையையும் காட்டுவீர்களா என்று யாரும் கேட்பதில்லை.

பிரிட்டனில் கேட்டுப் பார்த்தார்கள். அங்கே 2025 ஜூலை 25 முதல் ஆபாசத் தளங்களுக்குள் நுழைய வயதை நிரூபித்தாக வேண்டும். அதற்குப் பிறகு எடுத்த கணிப்பிலும் 69 விழுக்காடு ஆதரவு. அதே மக்களிடம், இப்படிப்பட்ட ஒரு தளம் கேட்டால் உங்கள் அடையாளத்தைத் தருவீர்களா என்றபோது பெரும்பாலோர் பின்வாங்கிவிட்டார்கள். அந்த வாரத்திலேயே, இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் வி.பி.என். செயலிகள் ஆப்பிளின் செயலிக் கடையில் முதலிடங்களுக்கு ஏறின. சிறுவர்கள்தான் இறக்கியிருப்பார்கள் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

இங்கே 2025 டிசம்பர் 10 வந்தது. தடை நடைமுறைக்கு வந்த அன்று இணையப் பாதுகாப்பு ஆணையர் ஜூலி இன்மன் கிராண்டைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, என்னமோ என் பெண்ணுக்குக் கல்யாணம் மாதிரி மனம் நிறைந்திருந்தது. இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப் என்று 10 தளங்கள் பட்டியலில். வாட்ஸ்அப் அதில் இல்லை, நம்மவர்களின் காலை வணக்கங்களுக்கு ஆபத்து வரவில்லை. ஜனவரியில் ஏறத்தாழ 47 லட்சம் கணக்குகள் முடக்கப்பட்டதாக அரசு சொன்னது.

அந்த 47 லட்சத்தில் என் மகளுடையது இல்லை. செயலிக்கு அவள் 22 வயதுப் பெண்.

முடங்கியது யாருடையது என்று சொல்கிறேன். தமிழ்ப் பள்ளியில் எங்கள் பெண்ணோடு ஒரே வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமி. அவள் அம்மா, 13 முடியும்வரை கண்டிப்பாகக் கூடாது என்று காக்க வைத்து, பிறந்தநாளன்று உண்மையான தேதியைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்தவர். தினமும் அரை மணி நேரம்தான், கைப்பேசி சமையலறையில்தான் என்று விதி வைத்தவர். சட்டம் வந்தால் செய்ய வேண்டியவை என்று நான் மேடையில் அடுக்கிய அத்தனையையும் சட்டம் இல்லாமலே செய்துகொண்டிருந்தவர். அவருடைய பெண்ணின் கணக்கு முதல் நாளே போய்விட்டது. “பரவால்லக்கா, நீங்க அன்னிக்கே சொன்னீங்க, சட்டம் நல்லா வேலை செய்யுது” என்று என்னிடம் சொன்னார். நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்துக்கொண்டே இருந்தேன்.

சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய் என் மகளின் கணக்கை நானே நீக்கியிருக்கலாம், இரண்டு நிமிட வேலை. செய்யாததற்கு நான் சொல்லிக்கொண்ட காரணங்கள் பல. உள்ளது இதுதான்: எனக்கு மாலை ஷிப்டு வரும் வாரங்களில் அவளை அமைதியாக வைத்திருப்பது அந்தச் செயலி. அது போனால் அந்த நேரத்துக்கு நான் வேறு ஏதாவது யோசிக்க வேண்டும். அரசாங்கம் பிடுங்கினால் கோபம் அரசாங்கத்தின் மேல் போகும். நான் பிடுங்கினால் என் மேல் வரும். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றுதான் சட்டமே கேட்டேன் போலிருக்கிறது.

ஜனவரி கடைசியில் செயலிக்கு எப்படியோ சந்தேகம் வந்துவிட்டது. தோழிகள் போட்ட 14 மெழுகுவத்தி கேக் படமோ என்னவோ. கணக்கை நிறுத்தி வைத்துவிட்டு, முகத்தை வீடியோவாகக் காட்டு, இல்லையென்றால் அடையாள அட்டை காட்டு என்றது. ராத்திரி என்னிடம் வந்தாள்.

“அம்மா, நீ கேமராவ ஒரு தடவ பாத்தா போதும்.”

“முடியாது.”

“ஏன்?”

“முடியாதுன்னா முடியாது.”

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். கொள்கைக்காக மறுத்தேன் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை அதைத் தோழிகளிடம் சொல்லி, அது அவர்களின் அம்மாக்களுக்குப் போய், எனக்குப் பாராட்டாகத் திரும்பி வந்தது. வாங்கிக்கொண்டேன்.

உண்மையில் நான் பயந்துதான் மறுத்தேன். 2022-இல் இந்த நாட்டில் பெரிய நிறுவனங்களிலிருந்து கோடிக்கு நெருக்கமான ஆட்களின் விவரங்கள் திருட்டுப் போயின. அந்த வருடம் என் ஓட்டுநர் உரிம எண்ணும் ஓர் இடத்திலிருந்து கசிந்து, வேறு எண் வாங்க அலைந்தேன். 2025 அக்டோபரில், டிஸ்கார்ட் பயனர்கள் வயதை நிரூபிப்பதற்காக அனுப்பிய அடையாள அட்டைப் படங்களில் சுமார் 70,000 வெளியே போயிருக்கலாம் என்று அந்த நிறுவனமே சொன்னது. அட்டை மட்டுமே வேண்டும் என்று தளங்கள் அடம்பிடிக்கக் கூடாது, சரிபார்ப்புக்காக வாங்கியதை அழித்துவிட வேண்டும் என்றெல்லாம் எங்கள் சட்டத்தில் இருக்கிறது. அழிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. பிறர் வீட்டு முகங்கள் காட்டப்பட வேண்டும் என்று கையெழுத்து வாங்கியபோது இந்தச் சந்தேகம் எனக்கு வரவே இல்லை.

இரண்டு நாள் கழித்துக் கணக்கு மறுபடி வேலை செய்தது. அவளைக் கேட்கவில்லை, கணவரைக் கேட்டேன்.

“புள்ள கேட்டுச்சு. காட்டினேன்.”

2003-இல் பிறந்த பெண்ணின் கணக்குக்கு, மீசையும் வழுக்கையுமாக 47 வயது முகம். செயலி ஏற்றுக்கொண்டுவிட்டது. அது பார்ப்பது வயதை மட்டும்தான், ஆள் யார் என்று பார்ப்பதில்லை. முகத்தை வைத்து வயதைக் கணிக்கும் கருவிகளை அரசே 2025-இல் சோதித்துப் பார்த்தது. 16-ஐ ஒட்டிய வயதுகளில் தடுமாறுகின்றன, வெள்ளையர் அல்லாத முகங்களில் துல்லியம் குறைகிறது என்று அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. எங்கள் தமிழ்ப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பையன்களில் பாதிப் பேருக்கு அரும்பு மீசை. அவர்களுக்கு அப்பா முகம்கூடத் தேவைப்பட்டிருக்காது.

இவரைத் திட்டினேனா என்றால், இல்லை. நல்லவேளை என் முகம் இல்லை என்று நினைத்தேன்.

இவ்வளவும் சொன்னதால் சட்டம் வேண்டாம் என்கிறாயா என்று கேட்டால், அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அபராதத்தைப் பிள்ளையின் தலையில் கட்டாமல் நிறுவனத்தின் தலையில் கட்டியது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். யாராவது தொலைபேசியில் கேட்டால் ஆதரிக்கிறேன் என்றுதான் திரும்பவும் சொல்வேன். அப்படிச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பது அவர்கள் கேட்கும் கேள்விகளில் கிடையாது.

சென்ற மாதம் திருச்சியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அவள் பையனுக்கு 13. 2025 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆஸ்திரேலியாவைப் போல இந்தியாவிலும் ஒரு சட்டம் கொண்டுவருவதை மத்திய அரசு யோசிக்கலாம் என்று சொன்னதைப் படித்துவிட்டு, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்களாம்.

“ஏண்டி, அங்க சட்டம் வந்தப்புறம் புள்ளைங்கள்லாம் போனத் தூக்கிப் போட்டுட்டு வெளையாடப் போயிட்டாங்களாமே?”

“ஆமாக்கா, நல்ல மாற்றம்” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் அதை அப்படியே குழுவில் போட்டிருக்கிறாள், சிட்னியில் இருக்கும் என் தங்கை நேரில் பார்த்துச் சொன்னது என்று. அதற்கு நிறையக் கைகூப்பிகள் வந்தனவாம். எனக்கு அனுப்பிக் காட்டினாள்.

மறுநாள் நானே கூப்பிட்டு, எல்லாவற்றையும், சக்கரத்திலிருந்து மீசை வரைக்கும் சொன்னேன். அக்கா பெரிதாகச் சிரித்தாள். பிறகு, இந்தியாவில் வேறு மாதிரி வருகிறது என்றேன். 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாகிவிட்டன. 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும், சம்மதம் தருகிறவர் நிஜமாகவே வயது வந்தவர்தானா என்று நிறுவனம் சரிபார்க்க வேண்டும், அதற்கு டிஜிலாக்கர் போன்ற வழிகள் இருக்கும், முழுதாக நடைமுறைக்கு வர ஒன்றரை வருடம் ஆகும் என்று எனக்குத் தெரிந்ததை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அப்ப நான்தான் சம்மதம் குடுக்கணுமா?”

“ஆமா.”

“அவ்வளவுதானே. அவன் ரெண்டு நாள் சாப்பிடாம உக்காந்தா நான் குடுத்துட்டுப் போறேன். அதுக்கு எதுக்குடி சட்டம்?”

குழுவில் போட்டதை எடுத்துவிடச் சொன்னேன். எல்லாரும் பார்த்தாகிவிட்டது, இனிமேல் எடுத்தால் நன்றாக இருக்காது என்றாள்.